அண்ணன் குடுத்துவிட்ட சீர்

ஒரு வார்த்தைதான். எங்க அண்ணன் எனக்கு ஒண்ணும் தர்றதில்ல. இதைச் சொல்லிவிட்டால் கையெழுத்து விழும், கையெழுத்து விழுந்தால் மகளுக்குப் படிப்பு. எச்சிலை விழுங்குகிற நேரம்கூட ஆகாது. ஆனால் பொன்னழகு நேற்றுச் சாயங்காலம் போன் வந்ததிலிருந்து அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அடுப்படியில் உருட்டினாள், பஸ்ஸில் உருட்டினாள், இப்போது தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்தும் அதே வேலைதான், முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வலது பக்கம் மகள் அபிநயா, இடது பக்கம் எதிர்வீட்டுத் தனபாக்கிய மதினி. தனியாக வந்திருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு ஆளைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க, பிள்ளையும் வரட்டும், டெபுட்டி தாசில்தார் மேடம் நேர்லயே விசாரிக்கணுங்கறாங்க என்று போனில் சொன்னபோது சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டினாள், வைத்த பிறகுதான் உறைத்தது. யாருக்குத் தெரியக் கூடாதோ அந்த ரெண்டு பேரையும் கையோடு கூட்டிவரச் சொல்கிறது சர்க்கார். சர்க்காருக்கு என்ன தெரியும், பாவம். தலைக்கு மேலே சுற்றுகிற காத்தாடி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. தர்றதில்ல, டக், தர்றதில்ல, டக், எங்க அண்ணன், டக். சை, இந்த மனசை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித்தான் குடித்தனம் பண்ணுவது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காலேஜ்க்காரர்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் சர்க்கார் உதவித்தொகையில் ஃபீஸ் முழுக்கக் கழிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் வருமானச் சான்று வர வேண்டும், வராவிட்டால் முழுப் பணத்தையும் கட்டு, முடியாதா, சீட்டு அடுத்த பிள்ளைக்கு. இன்றைக்கு வியாழன். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள், புருஷனைத் தூக்கிக் கொடுத்தவள், உங்களுக்கு வரம்பாவது ஒண்ணாவது, சட்டுன்னு வந்துரும்க்கா என்று இ-சேவை மையத்துப் பெண் சிரித்துக்கொண்டேதான் பதிந்து கொடுத்தாள். வந்திருக்கும். வி.ஏ.ஓ. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கு மேலே உள்ள வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. என்பார்களே அவர், கடமை தவறாத மனுஷன், வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்குள் வந்து கேட்டிருக்கக் கூடாதா. குழாயடியில் வைத்துக் கேட்டார். தண்ணீர் வருகிற நேரம், தெருப் பொம்பளைகள் பூராவும் குடத்தோடு நிற்கிறார்கள். "ஏம்மா, வீட்டுக்காரரும் இல்ல, தையல் கூலிய மட்டும் வெச்சா குடும்பம் ஓடுது?" என்று இரக்கத்தோடுதான் கேட்டார். அந்த இரக்கம்தான் கெடுத்தது. அத்தனை கண்ணும் அவள் மூஞ்சியில். பொன்னழகுக்குத் தலை தானாக நிமிர்ந்துகொண்டது. "எங்க அண்ணன் கோயமுத்தூர்ல டைல்ஸ் கடை வச்சிருக்காக சார். மாசாமாசம் குடுத்துவிட்டுருவாக. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல." என் வாயில மண்ணை அள்ளிப் போட. அவர் அடுத்ததாகத் தனபாக்கிய மதினியைப் பார்த்து, அப்படியா என்றார். மதினி சும்மா இருப்பாளா, "அவளுக்கென்ன சார், அண்ணன்காரன் தாங்கு தாங்குன்னு தாங்குறான், பொங்கச் சீரு வந்து எறங்குறதப் பாக்கணுமே நீங்க" என்று இல்லாத மாலையையும் சேர்த்துப் போட்டாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் தருகிற பணத்தைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டுகிறது என்று எழுதிவிட்டார். எவ்வளவு தருகிறார் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் குழாயடியில் அவள் கூடுதலாகத்தான் சொல்லியிருப்பாள், அதுவும் உண்மை.

வருமானம் என்றால் என்ன. இத்தனை வயசுக்கு மேல் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எப்பயாச்சும் குடுத்தா அது உதவிம்மா, மாசாமாசம் குடுத்தா அது வருமானம்" என்றார். இ-சேவைப் பெண்ணிடம் ஓடினாள். அவளோ, "கூடப்பொறந்தவுக குடுக்கறது எப்படிக்கா வருமானமாகும், அது பாசத்துல குடுக்கறதுல்ல, போயி நல்லாக் கேளுங்க" என்றாள். அப்படியானால் பாசம் மாசாமாசம் வரக் கூடாது போலிருக்கிறது. ஒரு மாசம் வந்து ரெண்டு மாசம் வராமல் இருந்தால்தான் பாசம், ஒழுங்காக வந்தால் அதற்கு வேறு பேர். தனபாக்கிய மதினி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணம் கறிக்குழம்பு கொண்டுவந்து வைக்கிறாளே, அது எதில் சேரும். வாராவாரம் வருகிறதே, அதையும் எழுதிக்கொள்வார்களா. மெஷின் பெல்ட்டு அறுந்தால் மெக்கானிக் காசு வாங்காமல் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போவார், அது. போன வருஷம் பெய்த மழையில் கூரைக்கு மேலே போட ஒரு தார்ப்பாய் கொடுத்தார்களே, அது. இப்படிப் பார்த்தால் உயிரோடு இருக்கிறவர்கள் யாருமே வரம்புக்குள் வர முடியாது. சரி, அதெல்லாம் வந்ததைப் பற்றிய பேச்சு. வராததை என்ன செய்வது. வராத பணத்தைச் சேர்த்துக் கூட்டினால் எப்படித் தாண்டும், தாண்டிவிட்டதே, எழுத்தில் தாண்டிவிட்டதே. மனசு இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, நின்று திரும்பி மறுபடி முதலிலிருந்து, எங்க அண்ணன் எனக்கு ஒண்ணும். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி வெகுநேரமாக அசையாமல் இருந்தது.

தரவே இல்லை என்று சொன்னால் அதுவும் பாவம். தந்தார். சொக்கலிங்கம் அண்ணன் அப்படி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. புருஷன் பழனிவேல் ஓட்டிப்போன லோடு வண்டி பாலத்தில் மோதி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது, முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். காரியம் முடிந்து பங்காளிகள் எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் வாசலில் செருப்பைப் போட்டவர் மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்து, "நான் இருக்கேன்ல" என்றார். அந்த ரெண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அனுப்பினார். அங்கிருந்து வருகிற ஆட்கள் கையில் கொடுத்துவிடுவார். அபிநயா பெரியவளான சடங்குக்குத் தட்டு வரிசையோடு வந்து ஜிமிக்கி போட்டுவிட்டார், தெருவே திரண்டு பார்த்தது. அதுதான் கடைசி. என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை. சண்டையாவது போட்டிருந்தால் காலில் விழுந்து தீர்த்துக்கொள்ளலாம், அண்ணியாவது நாக்கு மேல் பல்லைப் போட்டு எதையாவது பேசியிருந்தால் அதை நினைத்து அழுது தீர்க்கலாம். கடை பெரிசாச்சு என்றார், வீடு கட்டுறேன் என்றார், அடுத்த மாசம் பாப்போம் பொன்னழகு என்றார், அப்புறம் போனை எடுக்கவில்லை. மணி அடிக்கும், அடித்து ஓயும். கை கழுவினாற்போல என்று சொல்லக்கூட வாய் வரவில்லை, கை கழுவுகிறவன் கையைப் பார்த்தாவது கழுவுவான். அவர் மறந்துதான் போய்விட்டார். மறந்தவரை எப்படிக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் பொங்கல் வந்தது. பிறந்த வீட்டுச் சீர் வராத பொங்கல் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள், தெருக்கோடியில் செல்லப்பொண்ணு என்று ஒருத்தி இருந்தாள், அண்ணன் தம்பிமார் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த மறுநாளிலிருந்து அவளைக் கொழுந்தன்மார் வைத்த கண்ணே வேறு. நீ யாருக்கு வேண்டியவ, உன்னக் கேக்க யாரு இருக்கா என்று வீட்டுப் பங்கைப் பிடுங்கினார்கள், குழாயடியில் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். கேட்க ஆள் இருக்கிறவளுக்குத்தான் மரியாதை. இவள் வயசுக்கு வந்த பிள்ளையை வைத்திருக்கிறவள் வேறு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதல் கேள்வியே தாய்மாமன் யாரு, செய்வாரா என்பதுதான். போகி அன்றைக்கு இரண்டு பஸ் மாறி யாருக்கும் தன் முகம் தெரியாத ஊருக்குப் போனாள். பொங்கல் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, தேங்காய் பழம், ஒரு மாம்பழக் கலர்ச் சேலை, பிள்ளைக்கு ஒரு சுடிதார். எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்துத் தெருவில் வந்து இறங்கினாள். "என்ன பொன்னழகு, சீரு வந்துருச்சா" என்று மதினிதான் கேட்டாள். "அண்ணன் பஸ்ஸுல போட்டுவிட்டாக மதினி. கடையில ஆள் இல்லயாம், வர முடியலயாம்." ஆட்டோக்காரன் கரும்பை இறக்கிச் சுவரில் சார்த்தினான். யாரும் ஒன்றும் சந்தேகப்படவில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, சந்தோஷப்பட்டாளே, அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதிலிருந்து வருஷா வருஷம். பொங்கலுக்கு, தீபாவளிக்கு. பண்டிகை நெருங்க நெருங்க ஊரார் ஜாக்கெட்டெல்லாம் அவள் மெஷினில்தான். கொக்கி கட்டிக் கட்டி விரல் நுனி சல்லடையாகிவிடும், அந்தக் கூலியை எடுத்துத் தனக்குத் தானே அண்ணனாகி, தனக்குத் தானே சேலை எடுத்துக்கொள்வாள். எந்தக் கலர் எடுத்தால் அண்ணன் எடுத்த மாதிரி இருக்கும் என்றுகூட யோசிப்பாள். அவர் கொஞ்சம் பளிச்சென்று எடுக்கிற ஆள், அவளுக்கு அந்த மாதிரி பிடிக்கவே பிடிக்காது, பிடிக்காததைப் பார்த்துத்தான் எடுப்பாள். இப்போது அதுதான் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. அவள் கையை விட்டுப் போன காசை ஆர்.ஐ. வந்த காசாக எழுதிவிட்டார். செலவழிந்ததெல்லாம் வருமானமாகிவிட்டது. சோற்றைக் குறைத்துக்கொண்டு வாங்கிய கரும்பு பணக்காரி என்று சாட்சி சொல்கிறது. யாரிடம் போய் இதைச் சொல்லிச் சிரிப்பது. பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அதில் அண்ணன் போட்ட பணம் ஒன்றும் இல்லை, சார் பாருங்க என்று சொல்லலாம்தான். ஆனால் அவள்தானே ஆட்கள் கையில குடுத்துவிடுவாக, பேங்க்கு கீங்கெல்லாம் எங்க அண்ணனுக்குப் பிடிக்காது என்று ஊர் பூரா சொல்லி வைத்தது. ஓட்டை வராமல் தைக்கிறவள். பொய்யையும் அப்படித்தான் தைத்து வைத்திருக்கிறாள், பிரிக்கலாம் என்றால் எங்கே நூலைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அதிலும் இந்தப் பிள்ளை. அபிநயா தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் மாமா போட்ட ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்ந்ததே அந்த ஜிமிக்கியால்தான். ஸ்கூலில் எங்க மாமா எங்க மாமா என்றுதான் பேச்சு. சுடிதார் வந்தால் மாமாவுக்கு போன் போட்டு தேங்க்ஸ் சொல்லணும் என்று நிற்பாள். "அதெல்லாம் வேணாந்த்தா, அத்தைக்குத் தெரியாம குடுக்குறாக. நீ போன் கீன் போட்டு அவுக வீட்டுக்குள்ள சண்டைய மூட்டி விட்டுராத" என்று பொன்னழகு சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை அதையும் நம்பி, பாவம் மாமா என்று அவருக்காக வருத்தப்பட்டது. அத்தைக்குப் பயந்துகொண்டு ஒளித்து ஒளித்து அன்பு காட்டுகிற ஒரு மாமனை அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து உண்டாக்கிவிட்டார்கள், அசல் மாமனைவிட அவர் நல்லவர். பொன்னழகுக்கே சில சமயம், தையலில் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் அனுப்புகிறார் என்றுதான் மனசுக்குள் இருக்கும், அப்புறம்தான் இல்லையே என்று நினைவு வரும். இன்றைக்கு அந்த மனுஷனை உள்ளே போய்க் கொன்றுவிட்டு வர வேண்டும். பிள்ளை முன்னாலேயே. சொல்லு, சொல்லிவிடு, படிப்பா பெருமையா, படிப்புதானே, படிப்பு வந்தால் அவளே நாலு பேருக்குச் செய்வாள், அப்போது எந்த அண்ணன் எந்தச் சீர். சரி, சொல்லிவிடுகிறேன். சொன்னால் பிள்ளை என்ன செய்யும், ஜிமிக்கியைக் கழற்றி வைக்குமா. மதினி என்ன செய்வாள், சாயங்காலம் குழாயடியில் முதலில் யாரிடம் சொல்வாள். கொழுந்தன்மார் காதுக்கு எப்போது போகும்.

"நீங்க ரெண்டு பேரும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றாள் திடீரென்று. அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் தனியாக உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மதினி அசையவில்லை. "நீ என்னடி, சாட்சிக்குக் கூட்டியாந்துட்டு டீக்கடைக்கு வெரட்டுற. நான் சொல்லிக்கிறேன், நீ பயப்படாத. ஏதோ குடுக்குறாரு, எவ்வளவுன்னு தெரியாதுன்னு மழுப்பிருவோம்." நல்லவள்தான். நல்லவர்கள் சுற்றி உட்கார்ந்தால் மூச்சு விடுவது கஷ்டம். அபிநயா போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, உள்ள கேட்டா மாமாவப் பத்தி ரொம்பச் சொல்ல வேணாம்மா. செஞ்சதுக்கு அவரயே மாட்டிவிட்ட மாதிரி ஆயிரும்" என்றாள். பொன்னழகு சரி என்றாள். அந்த நேரம் பியூன் கதவைத் திறந்து அவள் பேரைச் சொன்னார்.

டெபுட்டி தாசில்தார் மேடம் கெட்டவர் இல்லை. அதை உள்ளே நுழைந்ததுமே தெரிந்துகொள்ளலாம், உட்காருங்க என்றார். தலையில் ஒரு முழம் மல்லிகை வாடிப்போயிருந்தது, அவரும் காலையிலிருந்து இதே நாற்காலியில்தான் இருக்கிறார். "பாருங்கம்மா, கூடப்பொறந்தவங்க குடுக்கறது வருமானத்துல சேருமா சேராதாங்கறத ஒவ்வொரு ஆபீசுல ஒவ்வொரு மாதிரி பாப்பாங்க. மாசாமாசம் வருதுன்னு ஆர்.ஐ. எழுதிட்டாரு. நான் அத அடிக்கணும்னா ஒரு காரணம் வேணும். அண்ணன் குடுக்கறாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வா வா என்கிற மாதிரி இருந்தது. பொன்னழகு மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. "இல்ல மேடம்" என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "எங்க அண்ணன் எனக்கு ஒண்ணும் தர்றதில்ல. பிள்ளை சடங்குக்கு வந்ததோட சரி. சீரு சேலையெல்லாம் நானே வாங்கி வச்சிக்கிட்டு அவுக பேரச் சொன்னேன். ஊருக்காகச் சொன்னது." சொல்லிவிட்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. உடம்பு பூராவும் லேசாகி, அழுகை வரும் போலவும் பசிக்கிற மாதிரியும் இருந்தது.

மதினிதான் முதலில், உதவி செய்கிற குரலில், "மேடம், சீட்டுப் போயிருமேன்னு சொல்றா மேடம். பெத்தவ வயிறு. அவ மேல தப்பில்ல" என்றாள். பொன்னழகு திரும்பினாள். மதினியின் முகத்தில் கள்ளமே இல்லை, அவள் கண்ணால் பார்த்த கரும்பு, அவள் கையால் தொட்டுப் பார்த்த சேலை. "இல்ல மதினி, நெசமாத்தான்." "சரி சரி, நீ சொல்லு" என்று மதினி கண்ணைச் சிமிட்டினாள். அபிநயாவின் முகம் சிவந்து போயிருந்தது. "அம்மா" என்றாள் மெதுவாக, நாலு பேர் முன்னால் அம்மாவைத் திட்ட முடியாத பிள்ளையின் குரல். "எனக்குப் படிப்பே வேணாம்மா. மாமாவப் போயி இப்படிச் சொல்லாத." அதைக் கேட்டு மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குச் சலிப்பாகிவிட்டது, யாருக்குத்தான் ஆகாது. "எல்லாரும் இங்க வந்து இதத்தாம்மா சொல்றாங்க. உங்க பொண்ணே இப்படிச் சொல்லுதே. சரி, அண்ணன் நம்பர் இருக்கா? அவர் வாயாலயே குடுக்கலன்னு சொல்லட்டும், இப்பவே போட்டுத் தர்றேன்."

நம்பர் மனப்பாடம். எத்தனை தடவை அடித்து ஓய்ந்த நம்பர். மேடம் தன் போனிலிருந்து போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுக்க மாட்டார் என்று பொன்னழகு நினைத்தாள், எடுக்காவிட்டால் அது நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்குள், ரெண்டாவது மணியிலேயே, "அலோ" என்றார் அண்ணன். தெரியாத நம்பர் என்றால் எடுக்கிறார். பின்னால் கல் அறுக்கிற மெஷின் இரைந்தது. மேடம் தான் யார் என்று சொல்லி, பொன்னழகு உங்கள் தங்கைதானே என்றார். "ஆமா மேடம். ஏன், என்னாச்சு? அதுக்கு ஒண்ணும் இல்லயே?" அதுக்கு. சின்ன வயசிலிருந்து அவளை அது என்றுதான் சொல்வார், அது சாப்புட்டுச்சா, அது எங்க. இந்த ஒரு சொல்லை அவள் எதிர்பார்த்து வரவில்லை. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. அவங்க பொண்ணு படிப்புக்கு வருமானச் சான்று கேட்டிருக்காங்க. நீங்க மாசாமாசம் பணம் தர்றதா ரிப்போர்ட்டு. இவங்க நீங்க ஒண்ணுமே தர்றதில்லங்கறாங்க. எது சரி?" மெஷின் சத்தம் நின்றது. யாரோ அங்கே ரேட்டு கேட்டார்கள், அண்ணன் பதில் சொல்லவில்லை. சொல்லிருண்ணே. பொன்னழகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளதைத்தானே சொல்லப் போற, நான் உன்னக் குறை சொல்ல மாட்டேன், ஒரு வார்த்தை, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு.

"ஒண்ணுமே தரலைன்னா சொல்லுது?" என்றார் அண்ணன். குரல் இறங்கிப் போயிருந்தது. அப்புறம் ஒரு செருமல், செருமிவிட்டு ஏறியது. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. கூடப்பொறந்தது ஒண்ணே ஒண்ணு. அது புருசன் போனதுலேருந்து நான்தான பாத்துக்கிட்டு இருக்கேன். மாசாமாசம் போயிருதுங்க. பொங்கச் சீரு, தீவாளித் துணிமணி, எதுலயும் இன்னிக்கு வரைக்கும் குறை வச்சதில்ல. ஏதோ வருத்தத்துல சொல்லிருக்கும், நீங்க தப்பா எடுத்துக்காதீக. தாய்மாமன் நான் இருக்கேன்ல." அட, என்ன சொல்ல இந்த மனசை. அந்த ஒரு நொடி பொன்னழகுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. சர்க்கார் ஆபீஸில், மகள் முன்னால், மதினி முன்னால், அண்ணன் அவளைக் கேட்க ஆள் இருக்கிறவளாக ஆக்கிவிட்டார். கண் தளும்பிவிட்டது. அவருக்கும் அங்கே கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், அவருக்கும் ஒரு குழாயடி இருக்கிறது. தங்கச்சிக்கு ஒன்றும் செய்வதில்லை என்று ஒரு ஆம்பளை எந்த வாயால் சொல்வான். அவள் தைத்த பொய்யை அவர் அளவெடுத்தாற்போல் மாட்டிக்கொண்டார், கச்சிதமாக இருந்தது. மேடம் போனை வைத்துவிட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான், நிறைந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "நல்ல அண்ணன்தான், போங்க. சான்று தர்றேன், தரலேன்னு சொல்லல. ஆனா ஆர்.ஐ. போட்ட தொகையோடதான் வரும்" என்றார் மேடம்.

வெளியே புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெயிலில் கண் கூசியது. மதினி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும் நீ குடுத்து வச்சவடி. எங்க அண்ணனும்தான் இருக்கான்" என்றாள். அபிநயா கோபம் வடிகிற வரைக்கும் தள்ளி நின்றாள், அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தான் சொன்ன, தெரியும்மா. ஆனா மாமா எவ்வளவு பாசமாப் பேசுனாரு பாத்தியா. அவர்கிட்டயே கேப்போம்மா. ஃபீஸ் கட்டச் சொல்லி. இப்ப அத்தை பக்கத்துல இருக்க மாட்டாங்க, கடையிலதான இருக்காரு." அம்மாவின் பையிலிருந்து போனை எடுத்து அவளே போட்டாள். பொன்னழகு தடுக்கவில்லை, தடுப்பதற்கு என்ன சொல்வது, உண்மையைத்தான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்றே. மணி அடித்தது. பிள்ளை சிரித்த முகமாகக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள், ஜிமிக்கி போன் மேல் பட்டுப் பட்டு ஆடியது. அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டாள், அதுவும் ஓய்ந்தது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடையில கூட்டமா இருக்குந்த்தா" என்றாள் பொன்னழகு. "வேலை முடிஞ்சதும் அவுகளே கூப்புடுவாக."